கிரீன் டீயைக் கெடுப்பது யார்?

ஏற்காட்டில் கிரீன் டீ விளைவதில்லை. இதை முதலில் சொல்லிட்டுத்தான் மற்றதைப் பேசணும். எங்க சேர்வராயன் மலையோட பயிர் காப்பியும் மிளகும்தான். 1820-களில் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை காலத்திலிருந்து இங்கே காப்பிதான் ராஜா. தேயிலை பார்க்கணும்னா நீங்க நீலகிரிக்கோ வால்பாறைக்கோ வண்டியைத் திருப்பணும்.

ஆனாலும் கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறி வர்றவங்க, ஏரியைச் சுத்திப் பார்த்துட்டு இறங்கும்போது கையில் ஒரு கவர் கிரீன் டீ இல்லாமல் இறங்குவதில்லை. மலைக்கு வந்தா டீத்தூள் வாங்கணும், அது ஒரு சடங்கு. வாங்கட்டும், தப்பில்லை. ரெண்டு மாசம் கழிச்சு அதே ஆட்கள், "மலையில் வாங்கின கிரீன் டீ வைக்கோல் மாதிரி இருக்கு, எல்லாம் ஏமாத்து வேலை" என்கிறார்கள். காப்பித்தூளுக்கும் இதே பேச்சுதான். "முன்ன மாதிரி மணமே இல்லை, விவசாயி மருந்தடிச்சுக் கெடுத்துட்டான்." பழி மலைமேல வருது, விளைவிச்சவன் தலையில் விழுது.

அதனால் இன்னைக்கு நேராவே கேட்கப்போறேன். கிரீன் டீயைக் கெடுப்பது யார்? என் கணக்கில் மூணு பேர். வெயிலில் கட்டித் தொங்கவிடும் கடைக்காரர் ஒருத்தர். பாக்கெட்டில் தேதியை வச்சு விளையாடுபவர் ரெண்டாவது. மூணாவது ஆள், கோவிச்சுக்காதீங்க, நீங்கதான்.

காப்பிக்காரனுக்கு டீயைப் பத்தி என்ன தெரியும்னு கேட்கலாம். காய்ஞ்ச பொருளைக் கெடாம வைக்கிறது எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. டிசம்பர், ஜனவரியில் பழம் எடுத்து, தோல் உரிச்சு, ஊறவச்சுக் கழுவி, களத்தில் காயப்போட்டு, ராத்திரி பனிக்கு மூடி, காலையில் திறந்து, கொட்டையில் ஈரம் பத்து சதவீதத்துக்கு வரும்வரை கிளறுகிறோம். ஆறு கிலோ பழம் போட்டால் ஒரு கிலோ கொட்டை கிடைக்கும். அப்புறம் அதைப் புதுச் சாக்கில் பிடிச்சு, தரையில் படாமல் பலகை போட்டு, சுவரில் சாயாமல் அடுக்கணும். அதே அறையில் உர மூட்டை இருக்கக் கூடாது, மண்ணெண்ணெய் இருக்கக் கூடாது, எங்களோட சொந்த மிளகு மூட்டைகூட இருக்கக் கூடாது. காரணம், காப்பிக்கொட்டை பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் குடிச்சிடும். வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்தாலே போதும், ஒரு வருஷ உழைப்பின் விலை அந்த ஒரு மூச்சில் இறங்கிடும்.

ஈரக் காற்று காப்பிக்கொட்டையை என்ன பண்ணும்னு தெரியணுமா? மேற்குக் கரையில் மங்களூர் பக்கம் தென்மேற்குப் பருவக் காற்று அடிக்கிற மாசங்களில், கொட்டையைத் திறந்த கிடங்கில் பரப்பி வேணும்னே அந்தக் காற்றைக் குடிக்கவிடுறாங்க. கொட்டை ஊதிப் பெருத்து, பச்சை போய் வெளிறின பொன் நிறமாகி, புளிப்பெல்லாம் இழந்து வேற ஒரு சரக்காவே மாறிடும். 'மான்சூன்ட் மலபார்' என்று அதுக்குப் பேர் வச்சு வெளிநாட்டுக்கு ஏற்றுமதி பண்றாங்க. அது தெரிஞ்சு, கணக்குப் பார்த்துச் செய்யும் வேலை. உங்க சமையலறையில் நடப்பது தெரியாம நடக்கும் வேலை. அதுக்குப் பேரும் கிடையாது, விலையும் கிடையாது.

சரி, தேயிலைக்கு வருவோம். கிரீன் டீ என்பது தனிச் செடி இல்லை. நீங்க பாலூத்திக் குடிக்கும் டீயும் அதே செடியோட இலைதான். வாழைக்காயை வெட்டி வச்சா கொஞ்ச நேரத்தில் கறுக்குது இல்லையா? தேயிலையும் அப்படித்தான். பறிச்ச இலையை வாடவச்சு, நசுக்கி, காத்துபட்டுச் சிவக்கவிட்டு, அப்புறம் உலர்த்தினால் சாதாரண டீ. சிவக்க விடாமல், பறிச்ச கையோட சூடு காட்டி, அந்தக் கறுக்கிற வேலையைச் செய்யும் நொதியை முடக்கிட்டு உலர்த்தினால் கிரீன் டீ. சீனாக்காரங்க சட்டியில் போட்டு வாட்டுவாங்க. ஜப்பான்காரங்க ஆவியில் காட்டுவாங்க.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. சாதாரண டீ ஏற்கெனவே காத்துபட்டு மாறினது, அதனால் கொஞ்சம் முரடு, தாங்கும். கிரீன் டீ மாறாமல் பாதியில் நிறுத்தப்பட்ட இலை. அந்தப் பச்சையும், அந்தப் புல் வாசமும், டாக்டர்கள் பேரைச் சொல்லி நீங்க எதுக்காகக் குடிக்கிறீங்களோ அந்தச் சத்தும், எல்லாம் காத்துக்கும் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பயந்துதான் உள்ளே உட்கார்ந்திருக்கு. நாலு கிலோவுக்கு மேல பச்சை இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ டீ. அதில் மிச்சம் இருக்கிற ஈரம் நூற்றில் மூணு, அஞ்சு பங்குதான். அவ்வளவு வறண்ட பொருள் பக்கத்தில் எந்த ஈரம் கிடைச்சாலும் இழுத்துக்கும். "உலர்ந்த இலைதானே, என்ன ஆயிடப்போகுது?" என்று கேட்பவர்கள் மழைக்காலத்தில் அப்பளத்தைத் திறந்து வச்சுப் பார்க்கணும்.

இப்போ உங்க வீட்டு சமையலறைக்கு வர்றேன். கிரீன் டீக்கு எதிரி அஞ்சு: வெளிச்சம், சூடு, காத்து, ஈரம், வாசனை. இந்த அஞ்சும் ஒரே இடத்தில் கூடி இருப்பது எங்கே தெரியுமா? அடுப்பு மேடைக்கு மேல இருக்கிற அலமாரியில். அங்கேதான் நீங்க டீயை வைக்கிறீங்க. அதுவும் எதில்? கண்ணாடி ஜாடியில்.

இந்தக் கண்ணாடி ஜாடி மோகம் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியலை. வரிசையா ஒரே மாதிரி ஜாடி, மூங்கில் மூடி, மேலே அழகா எழுதின சீட்டு. பார்க்க லட்சணமாத்தான் இருக்கு. ஆனால் வெளிச்சம் படப்பட அந்த இலையின் பச்சை பழுப்பாகும், வாசம் மாறும். ஜன்னல் வெளிச்சமும் அதைச் செய்யும், நாள்பூரா எரியும் டியூப் லைட்டும் மெதுவாச் செய்யும். இருட்டு அலமாரிக்குள்ள கதவை மூடி வைப்பதானால் கண்ணாடி ஜாடி இருந்துட்டுப் போகட்டும். மேடையில் காட்சிக்கு வைப்பதானால், இலைக்குப் பதிலா கூழாங்கல் போட்டு வைங்க, கல் கெடாது.

வாசனை விஷயம் இன்னும் மோசம். சீனாவில் மல்லிகை டீ எப்படிச் செய்யறாங்க? இலையையும் மல்லிகைப் பூவையும் ஒண்ணா ராத்திரி முழுக்கப் போட்டு வைப்பாங்க. பூவோட வாசத்தை இலை இழுத்துக்கும். காலையில் பூவைப் பிரிச்சு எடுத்துட்டு, மறுபடி புதுப் பூ. இந்தக் குணத்தை அவங்க பாடமாப் படிச்சுத் தொழிலாக்கினாங்க. நம்ம வீட்டில் அதே இலைக்குப் பக்கத்தில் இருப்பது மல்லிகை இல்லை. பெருங்காயம், சாம்பார்ப் பொடி, கருவாட்டு டப்பா. இலை யார் என்ன என்று பார்க்காது. பக்கத்தில் இருப்பதை இழுக்கும். அப்புறம் டீயில் ஏதோ நாத்தம் என்றால், அந்த நாத்தம் நீலகிரியிலிருந்து வரலை.

பழைய ஆட்கள் இதை அறிஞ்சு வச்சிருந்தாங்க. சீனாவிலிருந்து கப்பலில் மாசக்கணக்கா டீ போன காலத்தில், மரப்பெட்டிக்கு உள்ளே ஈயத் தகடு அடிச்சுத்தான் இலையை நிரப்பினாங்க. கடல் ஈரமும் கப்பல் நாத்தமும் உள்ளே போகாமல் இருக்க. ஈயம் நல்லதா என்று கேட்காதீங்க, அது அந்தக் காலத்து அறிவு. ஜப்பானில் வசந்தத்தில் பறிச்ச இலையை மண் ஜாடியில் போட்டு வாயை அடைச்சு, நவம்பரில்தான் முத்திரை உடைச்சுத் திறப்பாங்க. அதை ஒரு விழாவாவே கொண்டாடுறாங்க. வீட்டுக்கு வெளிச்சம் புகாத தகர டப்பா, மூடிக்குள்ளே இன்னொரு மூடி. நம்ம ஊரிலும் விதையைச் சுரைக்குடுவையில் அடைச்சு, வாயைச் சாணியால் மெழுகி வச்ச ஜனம்தானே நாம்? விதைக்குத் தெரிஞ்ச மரியாதை இலைக்குத் தெரியாமல் போனது எப்படி?

அடுத்தது பிரிட்ஜ். "நான் பத்திரமா பிரிட்ஜில்தான் வச்சிருக்கேன்" என்று பெருமையாச் சொல்றாங்க. பிரிட்ஜ் குளிர்ச்சி இலைக்கு நல்லதுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா உள்ளே வெங்காயம், நேத்து மீன் குழம்பு, மாவுப் பாத்திரம், எல்லாம் குடித்தனம் நடத்துது. அதைவிடப் பெரிய தொல்லை, திறக்கும்போது. குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துச் சூடோட மூடியைத் திறந்தா, வெளிக்காத்தில் இருக்கிற ஈரம் உள்ளே இலைமேல பனி மாதிரி படியும். குளிர்ந்த தண்ணி பாட்டில் மேல வேர்க்குது பாருங்க, அதே கதைதான். சென்னை மாதிரி உப்புச்சாடியே நீர்த்துப்போற ஊரில், தினம் ரெண்டு தடவை எடுத்து எடுத்துத் திறந்தா அது டப்பா இல்லை, இலைக்குக் குளியல் தொட்டி.

பிரிட்ஜில் வைக்கணும்னா ஒரே முறைதான். பிரிக்காத பாக்கெட்டை, இன்னொரு கவரில் போட்டு இறுகக் கட்டி வைக்கணும். எடுக்கும் அன்னைக்கு வெளியே வச்சு, முழுசா வெளிச்சூட்டுக்கு வந்தப்புறம் பிரிக்கணும். ஒருநாள் ராத்திரி எடுத்து வச்சு மறுநாள் காலையில் பிரிச்சா கவலையே இல்லை. பிரிச்சப்புறம் அது பிரிட்ஜுக்குத் திரும்பிப் போகக் கூடாது. அவ்வளவுதான். அன்றாடம் குடிக்கும் டீக்குப் பிரிட்ஜ் வேண்டவே வேண்டாம்.

இனி கடைக்காரருக்கு. கடை பேரைச் சொல்லி யாரையும் வம்புக்கு இழுக்கப்போறதில்லை. இது ஒரு ஊர் வழக்கமும் இல்லை, எல்லாச் சுற்றுலா ஊரிலும் நடப்பதுதான். மே மாசம் கோடை விழாவுக்குக் கூட்டம் வரும் என்று முன்கூட்டியே சரக்கு வந்திறங்கும். பளபளன்னு தெரியற பிளாஸ்டிக் கவரில் கால் கிலோ, அரைக் கிலோன்னு கட்டி, கடை முகப்பில் மாலை மாதிரி தொங்கவிட்டால்தான் வண்டியில் போறவங்க கண்ணில் படும். காலை வெயில், மத்தியான வெயில், சாயங்காலம் மூடுபனி, எல்லாத்தையும் அந்தக் கவர் வாங்கிக்கும். பக்கத்துக் கொக்கியில் ஏலக்காய், கிராம்பு, யூகலிப்டஸ் தைலம். எதில் எது கலக்குதுன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். இதை நான் கடைக்காரரிடம் சொன்னா, "அண்ணே, உள்ளே வச்சா யாருமே கேட்கறதில்லையே" என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. நீங்க கண்ணால வாங்கறீங்க, அவர் கண்ணுக்குக் கட்டித் தொங்கவிடுறார்.

கண்ணால வாங்கறவனை ஏமாத்துவது இன்னைக்கு நேத்து வந்த பழக்கமும் இல்லை. 1840-களில் ராபர்ட் பார்ச்சூன் என்ற வெள்ளைக்காரர் சீனாவில் தேயிலை செய்யும் இடங்களுக்குப் போய்ப் பார்த்தார். அங்கே ஏற்றுமதிக்குப் போகும் கிரீன் டீயில் பிரஷ்யன் நீலம் என்ற சாயத்தையும் ஜிப்சத்தையும் கலந்துக்கிட்டு இருந்தாங்க. வெளிநாட்டுக்காரங்களுக்குப் பச்சை நல்லாத் தெரிஞ்சாத்தான் பிடிக்குது என்பதே காரணம். நிறத்தை நம்பாதீங்க, மூக்கை நம்புங்க என்று சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை.

தேதிக்காரர் விஷயம். பாக்கெட்டில் தேதி போடணும்னு சட்டம் இருக்கு, போடறாங்க. ஆனா அது எந்தத் தேதி? பல பாக்கெட்டில் இருப்பது அடைச்ச தேதி. இலையைப் பறிச்சு உலர்த்தின நாள் ஒண்ணு, மூட்டையாக் கிடங்கில் கிடந்த நாள் சில, சின்னப் பாக்கெட்டில் அடைச்ச நாள் இன்னொண்ணு. அடைச்ச நாளிலிருந்து இத்தனை மாசம் நல்லா இருக்கும் என்று ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ போட்டிருப்பாங்க. அந்தக் கணக்கும் பிரிக்காத பாக்கெட்டுக்கு. நீங்க கத்தரிக்கோல் வச்ச நிமிஷத்தில் அந்தத் தேதிக்கு அர்த்தம் போச்சு. ஆனா எத்தனை வீட்டில், பிரிச்சு எட்டு மாசமான பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "இன்னும் டேட் இருக்கு" என்று சொல்லிட்டுத் திரும்ப உள்ளே வைக்கிறாங்க!

இப்போ கணக்குப் போடலாம், நான் படிச்சது பள்ளிக்கூடம் வரைக்கும்தான், ஆனாலும் இந்தக் கணக்கு வரும். ஒரு டம்ளர் கிரீன் டீக்கு ரெண்டு கிராம் இலை போதும். வீட்டில் ஒருத்தர் மட்டும் தினம் ஒரு டம்ளர் குடிச்சா மாசத்துக்கு அறுபது கிராம். நூறு கிராம் பாக்கெட் அம்பது நாளைக்கு வரும். ஏற்காட்டிலோ ஊட்டியிலோ "அரைக் கிலோ வாங்கினா கம்மி விலை" என்று நீங்க வாங்கிட்டுப் போற கவர் எத்தனை நாளைக்கு? 250 நாள். எட்டு மாசத்துக்கு மேல. பிரிச்ச இலை நல்லா இருப்பது ஒரு மாசம், மிஞ்சினா ரெண்டு மாசம். மிச்சம் ஆறு மாசம் நீங்க குடிப்பது சுடுதண்ணியில் ஊறின சருகு. சேலத்து மாம்பழம் மலிவாக் கிடைக்குதுன்னு எட்டு மாசத்துக்கு வாங்கி வைப்பீங்களா? டீக்கு மட்டும் ஏன்?

நான் இந்தப் பதிவில் சொல்ல வந்த ஒரே சங்கதி இதுதான். எந்த டப்பா நல்ல டப்பா என்று எல்லாரும் கேட்கறாங்க. டப்பாவில் இல்லை விஷயம், அளவில் இருக்கு. குறைச்சு வாங்கறவனுக்குச் சாதாரண எவர்சில்வர் சம்படம் போதும். அரைக் கிலோ வாங்கறவனை ஆயிரம் ரூபாய் டப்பாவும் காப்பாத்தாது, ஏன்னா அதைத் தினமும் திறக்கப்போறது அவன்தான். டப்பா காலியாகக் காலியாக உள்ளே காத்துதான் ரொம்பும்.

இதுக்கு வர்ற மறுப்பு எல்லாம் எனக்குத் தெரியும். "சின்னப் பாக்கெட் விலை அதிகம்." உண்மைதான், கிராமுக்குப் பார்த்தா அதிகம். ஆனா நல்லாக் குடிச்ச டம்ளருக்குப் பார்த்தா குறைவு. மணம் போன முன்னூறு கிராமைக் குப்பையில் போட்டதையும், மனசில்லாமல் குடிச்சதையும் யார் கணக்கில் எழுதறது? "மாசாமாசம் கடைக்குப் போக நேரம் இல்லை." பால் பாக்கெட் தினம் வாங்கறீங்க. "நிறையச் சின்னப் பாக்கெட் என்றால் பிளாஸ்டிக் சேரும்." இது நியாயமான கேள்வி. அதுக்கு வழி, ரெண்டு மூணு வீடு சேர்ந்து ஒரு பாக்கெட்டைப் புதுசா வாங்கின அன்னைக்கே பங்கு பிரிச்சுக்கிறது. அக்கம்பக்கத்தில் கருவேப்பிலை கொடுத்து வாங்கின ஊர்தானே.

இன்னொரு மறுப்பு இருக்கு, அதுதான் என்னைக் கோபப்படுத்துவது. "பழைய டீ குடிச்சா வயித்தைக் கலக்கவா போகுது? நாங்க எப்படியும் தேனும் எலுமிச்சம்பழமும் போட்டுத்தான் குடிக்கிறோம்." வயித்தைக் கலக்காது, சரிதான். பூஞ்சை பிடிக்காத வரைக்கும் உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. ஆனால் தேன் போட்டு, எலுமிச்சை பிழிஞ்சு, இலையோட ருசி தெரியாமலே குடிக்கிறவருக்கு நல்ல இலையும் ஒண்ணுதான், துடைச்சு வாரின இலையும் ஒண்ணுதான். குடிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியலைன்னா விற்கிறவர் எதுக்கு வித்தியாசம் பார்ப்பார்? விற்கிறவர் பார்க்கலைன்னா தொழிற்சாலை எதுக்கு நல்ல இலைக்குக் கூட விலை கொடுக்கும்? கொழுந்தும் ரெண்டு இலையுமாக் கையால கிள்ளி எடுக்கிறவனுக்கும், கத்தரியால் தண்டோட வெட்டிச் சாக்கில் அமுக்கறவனுக்கும் ஒரே விலைன்னா, யார் கிள்ளுவான்?

நீலகிரியில் சின்ன விவசாயிகள் பசுந்தேயிலை விலைக்காக எத்தனை வருஷமாப் போராடுறாங்கன்னு பேப்பர் படிக்கிறவங்களுக்குத் தெரியும். 2023-ல் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேணும்னு கோத்தகிரிப் பக்கம் தொடர் உண்ணாவிரதமே இருந்தாங்க. முப்பத்திமூணரை ரூபாய்! நீங்க ஏரிக்கரையில் கொடுக்கிற விலையோட அதை வச்சுப் பாருங்க. உங்க ஜாடிதான் அந்த விலையைக் கெடுத்துச்சுன்னு நான் சொல்லவரலை. ஏலம், தொழிற்சாலை, இறக்குமதி, அரசாங்கம் என்று அதுக்கு நூறு காரணம் இருக்கு. ஆனா நல்ல சரக்குக்கு நல்ல விலை என்ற நூலின் கடைசி முனை உங்க நாக்கில் கட்டியிருக்கு. அந்த முனையை நீங்க விட்டுட்டா இந்தப் பக்கம் நாங்க பிடிச்சு இழுத்து என்ன பிரயோஜனம்?

காப்பியில் இதை நாங்க கண்ணால பார்த்தாச்சு. ஒரு காலத்தில் வசதியான வீடுகளில் காப்பித்தூள் வாங்கவே மாட்டாங்க. பச்சைக் கொட்டைதான் வாங்குவாங்க. அது நல்லாக் காய்ஞ்சிருந்தா மாசக்கணக்கா இருக்கும். வேணுங்கிறப்ப இரும்புச் சட்டியில் வறுத்து, சுவரில் திருகின கை மிஷினில் அன்னன்னைக்குத் தேவையானதை மட்டும் அரைப்பாங்க. அப்புறம் தெருமுனைக் கடையில் கண்ணு முன்னால வறுத்து அரைச்சு, சூடோட நூறு கிராம், இருநூறு கிராம்னு பேப்பர் கவரில் கொடுத்தாங்க. சேலத்திலும் கும்பகோணத்திலும் அந்தக் கடையைத் தேட விலாசம் வேண்டாம், தெருவில் நுழைஞ்சா மூக்கே கூட்டிட்டுப் போகும். அந்த மனுஷங்களுக்கு வேதியியல் தெரியாது. வறுத்த கொட்டை நாலு வாரம் தாங்கும், அரைச்ச தூள் அதில் பாதிகூடத் தாங்காது என்று மட்டும் தெரியும்.

இப்போ? மாசத்துக்கு ஒரு கிலோ தூள், அதில் பாதிக்குப் பக்கமா சிக்கரி. சட்டப்படியே நூற்றில் 49 பங்கு வரைக்கும் சிக்கரி கலக்கலாம், பாக்கெட்டில் எழுதியிருக்கணும், அவ்வளவுதான். எழுத்து எறும்பு அளவில் இருக்கும். மணம் போன தூளில் சிக்கரி மட்டும் கறுப்பா, கெட்டியா டிகாக்‌ஷன் இறக்கிக் கொடுக்குது. அந்தக் கறுப்பைத்தான் இன்னைக்கு 'ஸ்ட்ராங் காப்பி' என்கிறாங்க. அந்த நாக்குக்கு எங்க மலைக் காப்பியைக் கொடுத்தா, "தண்ணியா இருக்கே" என்கிறது. பழகின பழசு, நல்ல புதுசைத் தோற்கடிச்சுட்டுது. கிரீன் டீக்கும் அதே கதி வந்துக்கிட்டிருக்கு. வைக்கோல் வாசம்தான் கிரீன் டீயோட இயல்பான வாசம் என்று நம்புற ஒரு தலைமுறை தயாராகுது.

திட்டினது போதும், செய்ய வேண்டியதையும் சொல்லிடறேன். ஐம்பது கிராம், நூறு கிராம், அதுக்கு மேல வேண்டாம். வெளியே தெரியற கவரில், வெயிலில் தொங்குவதை இனாமாக் கொடுத்தாலும் வாங்காதீங்க. உள்ளே வெள்ளித் தாள் ஒட்டின, வெளிச்சம் புகாத கவரில் இருப்பதைக் கேளுங்க. பை டீயா இருந்தா ஒவ்வொரு பையும் தனித்தனி உறையில் அடைச்சதா பாருங்க. அதில் இருப்பது பொடி இலை, முழு இலையைவிடச் சீக்கிரம் காத்தைக் குடிக்கும். வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டின் மேல பிரிச்ச தேதியைப் பேனாவால எழுதுங்க. சின்னச் சம்படம், ரொம்பி இருக்கணும், மூடி இறுக்கமா இருக்கணும். புதுச் சம்படம் வாங்க வேண்டாம், வாசனை இல்லாத பழசு போதும். மிளகாய்ப்பொடி வச்சிருந்ததை மட்டும் தொடாதீங்க. அடுப்பிலிருந்து தள்ளி, கீழ் அலமாரியில் இருட்டில் வைங்க. எடுக்கும் ஸ்பூன் காய்ஞ்சிருக்கணும். கொதிக்கிற கெட்டில் ஆவிக்கு நேரா டப்பாவைத் திறந்து பிடிக்கவே கூடாது.

நல்லா இருக்கா, போயிடுச்சா என்று பார்க்க மிஷின் தேவையில்லை. ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வச்சுத் தேய்ச்சு முகர்ந்து பாருங்க. மழை பெஞ்ச புல்லு மாதிரி, பச்சைப்பயறு மாதிரி வாசம் வந்தா உயிரோட இருக்கு. காய்ஞ்ச வைக்கோல், பழைய அட்டைப்பெட்டி வாசம் வந்தா போயிடுச்சு. அப்படிப் போனதை மனசை அடக்கிக் குடிச்சு நாக்கைப் பழக்காதீங்க. ரோஜாச் செடித் தொட்டி மண்ணில் கலந்து விடுங்க. அந்தச் செடியாவது உருப்படட்டும்.

கடைசியா ஒண்ணு. அடுத்த தடவை மலை ஏறும்போது, எந்த மலையா இருந்தாலும் சரி, விலையைக் கேட்கறதுக்கு முன்னால, "இது எப்போ செஞ்சது?" என்று கேளுங்க. காப்பியா இருந்தா, "எப்போ வறுத்தது?" பதில் தெரியலைன்னா மரியாதையா வச்சுட்டு அடுத்த கடைக்குப் போங்க. பத்துப் பேர் கேட்டா கடைக்காரர் சிரிப்பார். நூறு பேர் கேட்டா கொக்கியிலிருந்து கவரைக் கழட்டி உள்ளே வைப்பார். ஒரு சீசன் முழுக்க எல்லாரும் கேட்டா, சரக்கு கொண்டு வர்றவரிடம் அவரே அந்தக் கேள்வியைக் கேட்பார். சரக்குக்காரர் தொழிற்சாலையைக் கேட்பார். அப்படி அந்தக் கேள்வி படியேறி வந்து சேரும்போதுதான், கொழுந்து பார்த்துக் கிள்ளுற கைக்கும், பழுத்ததை மட்டும் பொறுக்குற கைக்கும் ஒரு ரூபாய் கூடக் கிடைக்கும்.